மின்பதிப்பின் திருத்த வரலாறும் துறைக் களஞ்சியமும்: கொள்கலன்வழிக் கிட் வழங்கி அமைத்தல்

ஆய்வுச் சுருக்கம்

அச்சுப் பதிப்பில் ஒரு பாடத்தை ஏற்றதற்கான காரணம் அடிக்குறிப்பிலோ முன்னுரையிலோ ஓரளவேனும் எஞ்சுகிறது. கணினியில் உருவாகும் பதிப்பில் கோப்பு மேலெழுதப்படுந்தோறும் அதன் முந்தைய நிலை அழிந்துபோகிறது. மென்பொருள் எழுதுவோர் தம் நிரல்களில் நிகழும் மாற்றங்களைப் பேணப் பயன்படுத்தும் கிட் என்னும் கருவி இவ்விழப்பைத் தவிர்க்க உதவும். அக்கருவிக்குரிய களஞ்சிய வழங்கியைத் தமிழ்த் துறையொன்று தன் சொந்தக் கணினியில் கொள்கலன் வழியாக அமைத்துக்கொள்ளும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ் எழுத்துருக் குறியாக்கத்தால் எழும் சிக்கல்களும், இத்தகைய களஞ்சியம் எவற்றைப் பேணாது என்பதும் உடன் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மின்பதிப்பு, பாடவேறுபாடு, கிட், களஞ்சியம், கொள்கலன், ஃபோர்ஜெயோ, ஒருங்குறி

முன்னுரை

புறநானூற்றின் முதற்பதிப்பை உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு வெளியிட்டார். அதன் மறுபதிப்புகள் அவர் வாழ்நாளிலேயே வந்தன. முதற்பதிப்பையும் பின்வந்த பதிப்புகளையும் அருகருகே வைத்து நோக்கும் ஆய்வாளர், பதிப்பாசிரியரின் எண்ணம் எங்கே உறுதிப்பட்டது, எங்கே மாறியது என்பதை இன்றும் அறிய முடிகிறது. ஒவ்வொரு பதிப்பும் அச்சேறித் தனித்தனிப் பொருளாக நிலைத்துவிட்டமையே இதற்குக் காரணம். குறுந்தொகையை எடுத்துக்கொண்டால் சௌரிப்பெருமாள் அரங்கனாரின் 1915ஆம் ஆண்டுப் பதிப்பும் உ. வே. சா.வின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பும் ஒன்றையொன்று அழிக்கவில்லை. இரண்டும் நூலகத்தில் உள்ளன.

கணினியில் பதிப்புப்பணி செய்யும் இன்றைய ஆய்வாளருக்கு இந்த வாய்ப்பு இல்லை. எம்.ஃபில். ஆய்வின்போது இக்கட்டுரையாளர் சிற்றிலக்கியம் ஒன்றின் பாடத்தைக் கணினியில் உள்ளிட்டார். ஆய்வேட்டை ஒப்படைத்தபோது அவரிடம் ‘இறுதி’, ‘இறுதி 2’, ‘இறுதி திருத்தியது’, ‘நெறியாளர் பார்த்தது’ என ஏழு கோப்புகள் எஞ்சியிருந்தன. அவற்றுள் எது எதற்கு முந்தையது என்பதைக் கோப்பின் நாளைக் கொண்டு முடிவுசெய்ய முடியவில்லை. ஒரு விரலியிலிருந்து வேறொன்றுக்குப் படியெடுத்தபோது நாள்கள் மாறிவிட்டிருந்தன. ஓர் அடியில் ஒரு சீர் ஏன் மாற்றப்பட்டது என்பதை மாற்றியவரே பின்னர் நினைவுகூர இயலாத நிலை அது. இது தனிமனிதக் கவனக்குறைவு மட்டுமன்று. கருவியே அவ்வாறு அமைந்துள்ளது. சொற்செயலி ‘சேமி’ என்ற கட்டளையை ஏற்கும்போது பழைய நிலையை அழித்து அவ்விடத்தில் புதியதை எழுதுகிறது.

மென்பொருள் உலகம் இதே சிக்கலை நெடுங்காலத்துக்கு முன்பே எதிர்கொண்டது. லினக்ஸ் கருநிரலை உருவாக்குவோர் அதுவரை பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்னும் வணிகக் கருவியின் இலவசப் பயன்பாட்டு உரிமை திரும்பப் பெறப்பட்டபோது, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் கிட்டை எழுதத் தொடங்கினார். பிறர் கையில் இருந்த கருவி ஒருநாள் கிடைக்காமற் போனதால் பிறந்த கருவி இது என்பது இக்கட்டுரையின் பிற்பகுதிக்கும் பொருந்துவதாகும்.

பதிவும் பாடமும்

கிட் ஒரு கோப்புறையைக் களஞ்சியமாகக் கொள்கிறது. பயனர் ஒரு கட்டத்தில் ‘இந்நிலையைப் பதிவுசெய்’ என ஆணையிடும்போது, அக்கோப்புறையிலுள்ள கோப்புகள் அனைத்தின் அப்போதைய நிலையும், பதிந்தவர் பெயரும், நாளும், நேரமும், பதிந்தவர் எழுதும் சிறு விளக்கமும், முந்தைய பதிவின் அடையாளமும் ஒன்றாகப் பொதியப்படுகின்றன. இப்பொதிவு ‘கமிட்’ எனப்படும். இங்குப் ‘பதிவு’ என்றே ஆளப்படுகிறது. (ஆங்கிலத்தில் இவ்வகைக் கருவிக்குரிய பெயரைப் ‘பதிப்புக் கட்டுப்பாடு’ என மொழிபெயர்ப்பது வழக்கம். பதிப்பியல் துறையில் அத்தொடர் வேறு பொருள் தருமாதலின் ‘திருத்த வரலாற்றுக் கருவி’ என்பது இங்குக் கொள்ளப்பட்டது.) ஒவ்வொரு பதிவுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் 40 இலக்க அடையாளம் ஒன்று அமைகிறது. உள்ளடக்கத்தில் ஒரு புள்ளி மாறினும் அடையாளம் மாறிவிடும். ஒவ்வொரு பதிவும் முந்தையதன் அடையாளத்தைத் தன்னுள் கொண்டிருப்பதால், இடையிலுள்ள ஒரு பதிவைப் பிறர் அறியாமல் திருத்திவைத்தல் எளிதன்று.

பதிப்பியலார் இக்கருவியை முதன்முதலாகக் காணும்போது ஒரு மயக்கம் நேர்வதுண்டு. கிட்டில் ‘கிளை’ என்னும் வசதி உள்ளது. ஒரு களஞ்சியத்தின் வரலாற்றை இரண்டாகப் பிரித்து இரு வழியில் வளர்த்துப் பின்னர் இணைக்கலாம். சுவடிகளின் வழிமுறை மரத்தை வரைந்து பழகியவர்க்கு, ஒவ்வொரு சுவடியையும் ஒரு கிளையாக்கலாமே என்று தோன்றும். இக்கட்டுரையாளரும் முதலில் அவ்வாறே செய்து மூன்று மாத உழைப்பை வீணாக்கினார். கிளையும் சுவடிக் குடும்பமும் வடிவில் ஒத்திருப்பினும் இயல்பில் வேறானவை. கிட்டின் வரலாறு, நிகழ்ந்தபோதே பதியப்பட்ட மெய்ந்நிகழ்வுகளின் வரிசை. சுவடி வழிமுறை மரமோ எஞ்சிய சான்றுகளைக் கொண்டு ஆய்வாளர் ஊகித்து அமைப்பது. எந்தச் சுவடி எதனைப் பார்த்து எழுதப்பட்டது, எங்கே இரு மரபுகள் கலந்தன என்பன கருதுகோள்கள். நாளை மற்றொரு சுவடி கிடைத்தால் மாறக்கூடியவை. அவற்றைக் கருவியின் கட்டமைப்பிலேயே பொறித்துவிட்டால் கருதுகோளை மாற்றுவதற்குக் களஞ்சியத்தையே கலைக்க வேண்டியிருக்கும்.

ஆகவே ஒவ்வொரு சான்றையும், அதாவது ஒவ்வொரு சுவடியையும் ஒவ்வொரு முற்பதிப்பையும், தனித்தனிக் கோப்பாக ஒரே கிளையில் வைத்தலே தக்கது. பாடவேறுபாடுகளைச் சுட்டுவதற்கு டி.இ.ஐ. என்னும் உரைக்குறியாக்க நெறிமுறை போன்றவை உள்ளன. கிட்டின் பணி, அக்கோப்புகளின்மீது பதிப்பாசிரியர் என்ன செய்தார், எப்போது, எதனால் என்பதைப் பேணுதல். பாடத்தின் பரவல் வரலாறு கோப்புகளுக்குள் இருக்க வேண்டும். பதிப்பாசிரியரின் பணி வரலாறு கோப்புகளுக்கு வெளியே கிட்டில் இருக்க வேண்டும். இவ்வேறுபாட்டைத் தெளிந்துகொண்டால் மற்றவை எளியவை.

கிரேக்கப் பாப்பிரசு ஆவணங்களைப் பதிப்பிக்கும் பாப்பிரை.இன்ஃபோ என்னும் தளம் இவ்வழியில் இயங்குகிறது. அங்கு ஒருவர் முன்மொழியும் திருத்தம் பதிப்புக்குழுவின் ஆய்வுக்குச் சென்று, ஏற்கப்பட்டபின் கிட் களஞ்சியத்தில் சேர்கிறது. யார் முன்மொழிந்தார், எக்காரணத்தால் என்பன பாடத்துடனேயே நிலைக்கின்றன.

சொந்த வழங்கி ஏன்?

கிட் தனிக்கணினியிலேயே இயங்கும். எனினும் நெறியாளர், ஆய்வாளர், மெய்ப்பு நோக்குவோர் எனப் பலர் ஒரு பாடத்தில் பணியாற்றும்போது பொதுவான ஓரிடம் வேண்டும். கிட்ஹப் போன்ற தளங்கள் அவ்விடத்தை இலவசமாகவே தருகின்றன. பலர்க்கு அதுவே போதும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆயினும் இத்தளங்களின் வரலாறு கவனிக்கத்தக்கது. கூகுள் கோடு 2016ஆம் ஆண்டு தொடக்கத்தில் மூடப்பட்டது. கிட்டோரியஸ் என்னும் தளம் 2015இல் வேறொரு நிறுவனத்தால் வாங்கப்பட்டு அவ்வாண்டே நிறுத்தப்பட்டது. பிட்பக்கெட் 2020இல் மெர்க்குரியல் வகைக் களஞ்சியங்களுக்கான ஆதரவை முற்றிலும் கைவிட்டது. கிட்ஹப் 2018இல் மைக்ரோசாஃப்ட்டின் உடைமையாயிற்று. அடுத்த ஆண்டே அமெரிக்கத் தடைச் சட்டங்களைப் பின்பற்றி ஈரான், சிரியா முதலிய பகுதிகளிலுள்ள பயனர்களின் கணக்குகளைக் கட்டுப்படுத்தியது. ஒரு பதிப்புப்பணி இருபது முப்பது ஆண்டுகள் நீள்வது இயல்பு. அத்துணைக் காலம் ஒரே நிறுவனம் ஒரே விதிமுறையுடன் இருக்கும் எனக் கொள்ள இடமில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. துறையின் மூலையில் கிடக்கும் கணினியின் வன்வட்டு, பெருநிறுவனத்தின் தரவு மையத்தைவிட மிக விரைவில் பழுதாகும். ‘நம்மிடமே இருக்கிறது’ என்ற நம்பிக்கை மட்டும் காப்பாகாது. இக்கட்டுரை முன்வைப்பது பொதுத்தளங்களைப் புறக்கணிக்க வேண்டும் என்பதன்று. முதன்மைப் படி துறையின் கட்டுப்பாட்டிலும், அதன் நிழற்படிகள் வெளியிலும் இருத்தல் வேண்டும் என்பதே. இன்னும் அச்சேறாத சுவடிப் பாடங்கள், உரிமையாளர் படிக்க மட்டும் இசைந்த குடும்பச் சுவடிகள் ஆகியவற்றை அயல்நாட்டு வழங்கியில் வைப்பது முறையா என்னும் வினாவும் இதனுள் அடங்கும்.

கொள்கலன் என்பது

களஞ்சிய வழங்கிக்கு இங்குப் பரிந்துரைக்கப்படுவது ஃபோர்ஜெயோ என்னும் கட்டற்ற மென்பொருள். எஸ்பெராண்டோ மொழியில் கொல்லுலைக் கூடத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயர் அமைந்தது. கோக்ஸ் என்னும் மென்பொருளிலிருந்து 2016இல் கிட்டீ பிரிந்தது. கிட்டீயின் பெயரும் வணிக உரிமையும் ஒரு நிறுவனத்தின்பால் சென்றதை ஏற்காதோர் 2022இன் இறுதியில் ஃபோர்ஜெயோவைத் தொடங்கினர். பெர்லினிலுள்ள கோட்பெர்க் என்னும் இலாபநோக்கற்ற சங்கம் இதனைப் பேணுகிறது. (மென்பொருள்களுக்கும் வழிமுறை மரம் உண்டு, அங்குப் பிரிவின் நாள்கூடத் தெரிகிறது.)

முன்பெல்லாம் இத்தகைய வழங்கியை நிறுவ வேண்டுமாயின், தரவுத்தளம், கிட், துணைநிரல்கள் ஆகியவற்றைக் கணினியில் ஒவ்வொன்றாக ஏற்றி, அவற்றின் பதிப்புகள் தம்முள் ஒத்துப்போகின்றனவா எனப் பார்க்க வேண்டியிருந்தது. இயங்குதளத்தைப் புதுப்பித்தால் ஏதேனும் ஒன்று முறியும். 2013இல் வெளிவந்த டாக்கர் இந்நிலையை மாற்றியது. ஒரு செயலி இயங்கத் தேவையானவை அனைத்தும் ஒரே பொதியாகக் கட்டப்படுகின்றன, அது ‘படிமம்’. அப்படிமத்தைக் கொண்டு இயக்கப்படுவது ‘கொள்கலன்’. கொள்கலன் தனிக்கணினி அன்று. புரவலன் கணினியின் லினக்ஸ் கருநிரலையே பயன்படுத்துகிறது. கருநிரல் அதற்குத் தனிக் கோப்பமைப்பு, தனி வலையமைப்பு, தனிச் செயல்முறைப் பட்டியல் இருப்பதுபோல் தோற்றுவித்து, நினைவகப் பயன்பாட்டுக்கும் வரம்பிடுகிறது.

படிமத்துக்கும் கொள்கலனுக்கும் உள்ள உறவைப் பழைய அச்சகத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். படிமம் என்பது கோத்து முடுக்கிய பாரம். கொள்கலன் என்பது அதிலிருந்து எடுத்த ஒரு படி. படியின் ஓரத்தில் நாம் எழுதும் குறிப்பு பாரத்தில் ஏறுவதில்லை. அப்படியைக் கிழித்தெறிந்து வேறு படி எடுத்தால் குறிப்பும் போய்விடும். கொள்கலனும் அத்தகையதே. அதனுள் எழுதப்படுவது எதுவாயினும் அக்கொள்கலன் நீக்கப்படும்போது மறையும். மென்பொருளைப் புதுப்பித்தல் என்பதோ பழைய கொள்கலனை நீக்கிப் புதியதைத் தோற்றுவித்தலேயாம். எனவே களஞ்சியத் தரவு கொள்கலனுக்கு வெளியே, புரவலன் கணினியின் கோப்புறை ஒன்றில் இருக்குமாறு பிணைக்கப்படல் வேண்டும். இந்த ஒரு வரியை விட்டுவிட்டவர்கள் முதற் புதுப்பித்தலின்போதே எல்லாவற்றையும் இழக்கக்கூடும்.

நிறுவும் முறை

நான்கு ஜிபி நினைவகம் உடைய பழைய கணினி ஒரு துறைக்குப் போதுமானது. அதில் டெபியன் அல்லது உபுண்டு நிறுவி, டாக்கரையும் அதன் கம்போஸ் துணையையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். பின்னர் கம்போஸ் கோப்பு ஒன்று எழுதப்படுகிறது. இது யாமல் என்னும் எளிய வடிவில் அமையும். வரித்தொடக்கத்தில் விடப்படும் இடைவெளியே பொருள் தருவது. அவ்விடைவெளியை இடவெளி விசையால் மட்டுமே இட வேண்டும். தத்தல் விசையை யாமல் ஏற்காது.

கோப்பில் கூற வேண்டியவை சிலவே. முதலாவது, எந்தப் படிமம் என்பது. இங்குப் படிமத்தின் பெயருடன் முதன்மைப் பதிப்பெண்ணையும் குறிப்பிடல் வேண்டும். ‘அண்மையது’ எனப் பொதுவாகக் கூறிவிட்டால், அடுத்த முறை படிமத்தை இறக்கும்போது நாம் அறியாமலேயே பெரிய மாற்றம் வந்துசேரும். புதிய பதிப்பு தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றியபின் பழையதற்குத் திரும்புதல் அரிது. ஃபோர்ஜெயோ குழுவினர் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளைத் தனியே வெளியிடுவதால் துறைகளுக்கு அவையே ஏற்றவை. இரண்டாவது, கொள்கலனுக்குள் ‘டேட்டா’ எனப்படும் கோப்புறையைப் புரவலனின் ஒரு கோப்புறையோடு பிணைத்தல். மூன்றாவது, போர்ட் எண்கள். ஃபோர்ஜெயோவின் இணைய முகப்பு 3000ஆம் போர்ட்டில் இயங்கும். எஸ்.எஸ்.எச். இணைப்புக்குரிய 22ஆம் போர்ட்டைப் புரவலன் தன் தேவைக்கு வைத்திருக்குமாதலால், கொள்கலனின் 22ஐப் புரவலனின் 222உடன் இணைப்பது வழக்கம். நான்காவது, மின்தடைக்குப்பின் கணினி எழும்போது கொள்கலனும் தானே எழுமாறு ஆணை. நம் கல்வி நிறுவனங்களின் மின்வழங்கலை அறிந்தவர் இதனை விடமாட்டார்.

ஐந்தாவதாக, பயனர் எண், குழு எண் எனும் இரு சூழல் மதிப்புகள். இவை சிறியனவாகத் தோன்றினும் இக்கட்டுரையாளரை ஒரு முழு நாள் அலைக்கழித்தவை. பிணைக்கப்பட்ட கோப்புறைக்கு உரிமையாளராகப் புரவலனில் உள்ள பயனரின் எண்ணும், கொள்கலனுக்குள் செயலியை இயக்கும் பயனரின் எண்ணும் ஒன்றாதல் வேண்டும். முதற்கணினியில் இரண்டும் 1000 ஆக இருந்தமையால் சிக்கல் தெரியவில்லை. வேறு கணினிக்குத் தரவை மாற்றியபோது அங்குப் பயனர் எண் 1001. கொள்கலன் எழுந்து எழுந்து வீழ்ந்தது. பதிவேட்டைப் படித்தபோதுதான் தன் சொந்தக் கோப்புறையிலேயே எழுத அதற்கு அனுமதி இல்லை என்பது புலனாயிற்று.

கம்போஸ் கட்டளையை இட்டதும் படிமம் இறங்கிக் கொள்கலன் இயங்கத் தொடங்கும். உலாவியில் முகவரியைத் திறந்தால் முதலமைப்புப் பக்கம் தோன்றும். தரவுத்தளமாக எஸ்கியூலைட் தேர்ந்தால் போதும். ஐம்பது பேருக்குட்பட்ட துறைக்குப் போஸ்ட்கிரெஸ் தேவைப்படாது. வழங்கியின் முகவரியை இங்கே சரியாகத் தர வேண்டும். எண்வடிவ முகவரியைத் தந்துவிட்டுப் பின்னர்ப் பெயர்வடிவுக்கு மாறினால் களஞ்சிய முகவரிகளைத் திருத்த வேண்டிவரும். நிறுவலின்போது மேலாளர் கணக்கு உருவாக்கப்படாவிடின் முதலில் பதியும் பயனரே மேலாளர் ஆவார். ஆகவே தாமே முதலில் பதிந்து, உடனே தற்பதிவு வசதியை அணைத்துவிடுதல் நன்று.

பாதுகாப்பு குறித்து ஒன்றை வலியுறுத்த வேண்டும். உபுண்டுவில் யூ.எஃப்.டபிள்யூ. என்னும் தீயரண் கொண்டு போர்ட்டுகளை அடைத்துவிட்டோம் என நிம்மதி கொள்வோர் பலர். டாக்கர் திறக்கும் போர்ட்டுகள் அவ்விதிகளுக்கு முன்னரே வலையமைப்பு நிலையில் வழிசெலுத்தப்படுவதால் தீயரண் அவற்றைத் தடுப்பதில்லை. 3000ஆம் போர்ட்டைப் புரவலனின் உள்முகவரிக்கு மட்டும் கட்டி, வெளியிலிருந்து வருவோரை என்ஜின்எக்ஸ் போன்ற முன்னிலை வழங்கி வழியாக, மறையாக்கச் சான்றிதழுடன் அனுமதிப்பதே முறை. வளாகத்தின் உள்வலையில் மட்டும் இயக்குவதாயினும் கடவுச்சொல் வெளிப்படையாகச் செல்லுதல் தகாது. வளாகப் பெயரில் முகவரி பெறுவதற்குக் கணினி மையத்தின் இசைவு வேண்டும். தொழில்நுட்பப் பணி அரை நாளில் முடிய, இவ்விசைவுக்கு ஒரு பருவம் காத்திருக்க நேர்தலும் உண்டு.

தமிழ்க் கோப்புகளுக்கு வேண்டுவன

வழங்கி அமைந்தபின் அதில் இடும் கோப்புகளின் தன்மையே பயனை நிருணயிக்கும். சொற்செயலிக் கோப்பு உண்மையில் சுருக்கப்பட்ட பொதி. அதில் ஒரு சீர் மாறினாலும் கிட் ‘கோப்பு மாறியது’ என்றே கூறும், எச்சீர் எனக் காட்டாது. எனவே பாடம் எளிய உரைக்கோப்பாக, ஒருங்குறியில் இருத்தல் வேண்டும். டிஸ்கி, பாமினி முதலிய பழைய குறியாக்கங்களில் உள்ளவற்றை, மாற்றுமுன் ஒரு பதிவாகவும் மாற்றியபின் மற்றொரு பதிவாகவும் இட்டால், மாற்றியால் விளைந்த பிழைகளைப் பின்னர்ப் பிரித்தறியலாம்.

கிட் வரி வரியாக ஒப்பிடுகிறது. செய்யுளுக்கு இது மிகப் பொருந்தும். ஓரடிக்கு ஒரு வரி என அமைத்தால் எவ்வடி மாறியது என்பது உடனே தெரியும். சொல்வழி ஒப்பீட்டை வேண்டினால் இடைவெளியைக் கொண்டு பிரித்து, மாறிய சீரை மட்டும் காட்டும். உரைப்பகுதியை வாக்கியத்துக்கு ஒரு வரியாக எழுதுதல் நன்று; பத்தி முழுவதும் ஒரே வரியாயின் ஓரெழுத்துத் திருத்தமும் பத்தி முழுவதன் மாற்றமாகத் தோன்றும். சான்றுக் கோப்பில் சந்தி பிரித்தல் கூடாது. அச்சான்று எவ்வாறு எழுதியதோ அவ்வாறே வைத்து, பிரித்த வடிவைத் தனிக்கோப்பாக்குதல் வேண்டும். அன்றேல் பதிப்பாசிரியரின் இடைவெளிகள் பாடவேறுபாடுபோல் காட்சி தரும்.

இவற்றினும் நுண்ணியது குறியாக்கச் சிக்கல். ஒருங்குறியில் ஒகர உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பும் காலும் என இரு குறியீடுகளாகவும் எழுதலாம். ஓகாரமும் அவ்வாறே இரட்டைக்கொம்பும் காலுமாகப் பிரியும்; ஔகாரத்துக்கும் இருவகை உண்டு. திரையில் வேற்றுமை சிறிதும் தெரியாது. கிட்டுக்கோ அவை வெவ்வேறு எண்வரிசைகள். அது கோப்பின் உள்ளடக்கத்தைத் தானே ஒருமைப்படுத்துவதில்லை. இரு தட்டச்சர் இரு விசைப்பலகை மென்பொருள்களால் ஒரே பாடலை உள்ளிட்டால், கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் அடிகள் நூற்றுக்கணக்கில் ‘மாறியவை’ எனப் பட்டியலாகக் கூடும். சுவடியில் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடு எழுதப்படாமையால் பதிப்பாசிரியர்கள் பட்ட இடரின் தலைகீழ் வடிவம் இது: அங்கு இரு ஒலிக்கு ஒரே வடிவம், இங்கு ஒரே வடிவுக்கு இரு குறியாக்கம்.

இதற்குத் தீர்வு, கோப்புகளை என்.எஃப்.சி. எனப்படும் ஒருமைப்படுத்திய வடிவுக்கு மாற்றியபின்னரே பதிதல். சிறு நிரலொன்று இதனைச் செய்யும்; ஒருமைப்படாத கோப்பை வழங்கியே ஏற்க மறுக்குமாறும் அமைக்கலாம். ஆயினும் இது தீர்க்காதன இரண்டு உள. ஔகாரக் குறியின் ஈற்றுறுப்புக்கு மாற்றாக ளகர எழுத்தையே தட்டச்சிடல் ஒன்று. அது எழுத்துப்பிழையாதலின் கையால் தேடித் திருத்த வேண்டும். ‘ஸ்ரீ’ மற்றொன்று. தாலவிய ஶகரம் 2005இல் ஒருங்குறியில் சேர்ந்தபின் அதனைக் கொண்டு எழுதுதல் பரிந்துரைக்கப்பட்ட முறையாயிற்று. அதற்கு முன்னர் ஸகரத்தைக் கொண்டு எழுதப்பட்ட கோப்புகள் ஏராளம். இரண்டும் திரையில் ஒன்றே. சமய இலக்கியம், உரைநூல் ஆகியவற்றில் பணிபுரிவோர் தொடக்கத்திலேயே ஒன்றைத் தேர்ந்து எழுதிவைத்தல் வேண்டும்.

கோப்புப் பெயரைத் தமிழில் இட்டால் கிட் இயல்பு நிலையில் அதனை எண்குறிகளின் கோவையாகக் காட்டும். ‘கோட்பாத்’ என்னும் அமைப்பை அணைத்தால் தமிழிலேயே தெரியும். விண்டோஸிலும் லினக்ஸிலும் வரியிறுதிக் குறி வேறுபடுவதையும் களஞ்சியத்தின் பண்புக் கோப்பில் ஒருமுறை வரையறுத்துவிடலாம்.

சுவடிப் படங்களைப் பொறுத்தவரை, அவற்றைக் களஞ்சியத்தில் இடாமலிருப்பதே நலம். பெருங்கோப்புகள் வரலாற்றில் ஒருமுறை சேர்ந்தால் நீக்குதல் கடினம். படங்களை வேறு வட்டில் வைத்து, ஒவ்வொன்றின் பெயரையும் சரிபார்ப்பெண்ணையும் கொண்ட பட்டியலைமட்டும் களஞ்சியத்தில் சேர்க்கலாம்.

பெயரும் காரணமும்

மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியது முதல் தன் மின்னூல்களின் தலைப்பில் உள்ளிட்டவர், மெய்ப்பு நோக்கியவர் பெயர்களைக் குறித்துவருகிறது. அச்சுப் பதிப்புகளில் இவ்வுழைப்பாளர் பெயர் இடம்பெறுதல் அரிது. கிட் ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டவர் யாரெனக் காட்டும். எனவே முதுகலை மாணவர் ஒருவர் கண்டுபிடித்துத் திருத்திய ஓரடி அவர் பெயரிலேயே நிற்கும். ஆனால் அப்பெயர் பயனர் தம் கணினியில் தாமே எழுதிவைப்பது. ஆய்வகத்தின் பொதுக்கணினியில் ஒருவர் பெயரை அமைத்துவிட்டால், பின்வந்து அமர்வோர் அனைவரின் பணியும் அவர் கணக்கில் சேரும். எங்கள் களஞ்சியத்தின் முதல் இரு மாதங்களில் ஒரே மாணவர் இரவு பகலாக உழைத்ததாகப் பதிவாகியிருப்பதன் காரணம் இதுவே. ஒவ்வொருவர்க்கும் தனிக் கணக்கும் தனிக் கையொப்பச் சாவியும் தேவை. பாதுகாக்கப்பட்ட கிளை என்னும் அமைப்பையும் இயக்கி, முன்பதிவுகளை எவரும் வலிந்து மேலெழுத இயலாதவாறு செய்தல் வேண்டும்.

காரணத்தைப் பேணுவதில் ஒரு பொறி உள்ளது. ஃபோர்ஜெயோவின் முகப்பில் ஒரு திருத்தத்தைக் குறித்து உறுப்பினர் விவாதிக்க இடமுண்டு. ‘இச்சுவடியின் பாடம் தளை தட்டுகிறது, முற்பதிப்பினதைக் கொள்க’ என நெறியாளர் அங்கே எழுதுவார். பதிப்பின் மிக உயரிய செய்தி அதுவே. ஆனால் அவ்விவாதம் கிட் களஞ்சியத்தில் இல்லை. வழங்கியின் தரவுத்தளத்தில் உள்ளது. களஞ்சியத்தை நகலெடுக்கும் ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் சென்றுசேர, விவாதம்மட்டும் வழங்கியிலேயே தங்கிவிடுகிறது. வழங்கி அழிந்தால் பாடமும் திருத்தமும் பிழைக்கும்; காரணம் அழியும். எனவே விவாதம் முடிந்ததும் அதன் முடிவை இரண்டு மூன்று வாக்கியங்களில் பதிவு விளக்கத்திலேயே எழுதுதல் கட்டாயமாக்கப்பட வேண்டும். ‘திருத்தம்’ என்ற ஒற்றைச் சொல்லை விளக்கமாக இடுவோர்க்குப் பழைய ‘இறுதி 2’ கோப்பே போதும்.

மேற்கோளும் காப்பும்

ஆய்வேட்டில் மின்பாடத்தை மேற்கோள் காட்டுவோர் இணைய முகவரியையும் பார்த்த நாளையும் தருவது வழக்கம். முகவரி மாறும், அந்நாளில் பாடம் எவ்வாறு இருந்தது என்பதையும் எவராலும் பின்னர்ச் சரிபார்க்க இயலாது. பதிவின் அடையாளத்தைக் குறித்தால் முகவரி மாறினும், களஞ்சியத்தின் எந்தவொரு படியிலிருந்தும் அதே நிலையை மீட்டுப் படிக்கலாம். ஆய்வேடு ஒப்படைக்கும் நாளில் களஞ்சியத்துக்கு ஒரு பெயர்க்குறி இட்டு, அதன் அடையாளத்தை ஏட்டின் முன்பக்கத்தில் அச்சிடுதல் விரும்பத்தக்கது.

காப்புநகலுக்கு இரு வழிகளும் வேண்டும். வெளியிடத் தடையில்லாத களஞ்சியங்களை ஃபோர்ஜெயோ தானே வேறொரு பொதுத்தளத்துக்கு அவ்வப்போது அனுப்புமாறு அமைக்கலாம். இது பாடங்களை மட்டும் காக்கும். தரவுத்தளம், பயனர் கணக்குகள், விவாதங்கள் ஆகியவற்றுக்காக, வாரம் ஒருமுறை கொள்கலனை நிறுத்தி, பிணைத்த கோப்புறை முழுவதையும் கம்போஸ் கோப்பையும் வேறொரு வட்டுக்குப் படியெடுக்க வேண்டும். இயங்கும்போதே படியெடுத்தால் தரவுத்தளம் பாதி எழுதிய நிலையில் அகப்படக்கூடும். அவ்வட்டு வேறு கட்டடத்தில் இருத்தல் நன்று.

எடுத்த காப்புநகல் பயன்படுமா என்பதை ஆண்டுக்கு ஒருமுறையேனும் சோதிக்க வேண்டும். டாக்கர் மட்டும் நிறுவிய வேறு கணினி ஒன்றில் அக்கோப்புறையை இட்டு, உரிமையாளர் எண்ணைச் சரிசெய்து, கம்போஸ் கட்டளையை இட்டுப் பார்க்கலாம். இப்பணியை வழங்கியை அமைத்தவர் செய்தல் கூடாது. புதிதாகச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர், துறையில் எழுதிவைக்கப்பட்ட குறிப்பை மட்டும் பார்த்துச் செய்தல் வேண்டும். அவர் தடுமாறும் இடங்களைக் குறிப்பில் திருத்தி, அக்குறிப்பையும் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டால், அமைத்தவர் பட்டம் பெற்றுச் சென்றபின்னும் அடுத்தவர் வழங்கியைத் தொடர்ந்து இயக்கலாம்.